கருவாட்டுத் தொழில் வளர்கிறது, ஆட்கள்தான் நிலைக்கவில்லை: வழி சொல்லுங்கள்

பாம்பன்காற்று எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்குத் தங்கச்சிமடம் பக்கம் கருவாட்டுத் தொழில். அம்மா வாசலில் காயப்போட்டுச் சந்தைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து வெளியூருக்கு அனுப்ப ஆரம்பித்தேன். நெத்திலி, சீலா, வாளை, நகரை, மாசி, போன வருஷத்திலிருந்து கருவாட்டுத் தொக்கும் உண்டு. இப்போது 22 பேர் வேலை செய்கிறார்கள், முக்கால்வாசி பெண்கள். சென்னை, கோவை, பெங்களூரு என்று தினமும் நூறு பார்சலுக்குக் குறையாது.

வெளியிலிருந்து பார்த்தால் நல்ல வளர்ச்சி. உள்ளே நடப்பது வேறு. சீலா கேட்டவருக்கு வாளை போகிறது, அரைக் கிலோ கேட்டவருக்குக் கால் கிலோ போகிறது. வேலை பழகின ஆளாகப் பார்த்து வேலையை விட்டு நின்றுவிடுகிறார்கள். பொங்கலுக்கு லீவு எடுத்துப் போன மூன்று பேர் திரும்பவே இல்லை. சம்பளம் இந்தப் பக்கத்தில் மற்றவர்கள் கொடுப்பதைவிடக் கொஞ்சம் கூடத்தான். எதற்கெடுத்தாலும் "அண்ணனைக் கேட்டுத்தான்" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பது இன்னொரு தலைவலி.

நான் யோசித்து வைத்திருப்பது இவை: விரல்ரேகை வருகைப்பதிவு மெஷின், தப்பாக பேக் பண்ணினால் சின்ன அபராதம், நாள் கூலியைக் கிலோ கூலியாக மாற்றுவது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை குற்றாலத்துக்கோ கொடைக்கானலுக்கோ டூர். தொழில் நடத்துகிறவர்களும் வேலை பார்க்கிறவர்களும் மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

---

ஐஸ்பெட்டி எழுதியது:

தம்பி, மண்டபத்தில் நண்டு உடைக்கிற கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவன் நான். டூரை அப்புறம் பார்க்கலாம். உங்கள் இடத்தில் ஒரு நாள் எப்படி ஓடுகிறது என்று மணிவாரியாக எழுதுங்கள். எப்படி நடக்கணும் என்று எழுதாதீர்கள், நேற்று எப்படி நடந்தது என்று எழுதுங்கள்.

---

பாம்பன்காற்று எழுதியது:

சரி அண்ணே. விடியற்காலை ஏலத்துக்கு நான் போய்விடுவேன். எட்டரைக்கு ஆட்கள் வருவார்கள். வந்ததும் நெத்திலி பொறுக்குவார்கள்: மணல், பாசி, உடைசல், குட்டி நண்டு எல்லாம் எடுத்துப் போட வேண்டும். பதினொரு மணி வாக்கில் நான் வருவேன். காயப்போட்டதைப் பார்ப்பது, உப்புக்காரர், வங்கி என்று மதியம் ஆகிவிடும். சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு உட்கார்ந்து போனில் வந்த ஆர்டர்களை நோட்டில் எழுதி, பணம் வந்திருக்கிறதா பார்த்து, முகவரி பிரிண்ட் எடுப்பேன். மூன்று, மூன்றேகாலுக்கு பேக்கிங் ஆரம்பிக்கும். கூரியர் வண்டி ஐந்தரைக்கு வரும். அதற்குள் முடியாததை எல்லாம் முடித்து நானே பைக்கில் கொண்டுபோய் அவர்கள் ஆபீசில் போடுவேன். பேக்கிங் ஆட்கள் கிளம்ப ஏழரை ஆகும், சில நாள் எட்டு.

---

ஐஸ்பெட்டி எழுதியது:

இதில் நீங்களே பதிலை எழுதிவிட்டீர்கள். ராத்திரி பத்து மணிக்கு வந்த ஆர்டர் மறுநாள் இரண்டு மணி வரை எங்கே கிடக்கிறது? உங்கள் சட்டைப்பையில். மூன்றேகாலில் இருந்து ஐந்தரைக்குள் நூறு பார்சல் என்றால் யார் கட்டினாலும் சீலா வாளையாகத்தான் போகும். அது கவனக்குறைவு இல்லை, அவசரம். காலையில் ஆறு மணி நேரம் சாவகாசமாகப் பொறுக்குகிறார்கள், சாயங்காலம் ஓடுகிறார்கள், ராத்திரி எட்டுக்குப் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். தப்புப் பார்சல், லேட்டாகக் கிளம்புவது, ஆள் நிற்பது, "அண்ணனைக் கேக்கணும்" என்பது, எல்லாம் நாலு பிரச்சினை மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. முடிவும் தகவலும் உங்களிடம் மட்டும் இருக்கிறது, நீங்களோ ஏலத்தில் இருக்கிறீர்கள்.

கடைக்கென்று ஒரு போன் வாங்கி அங்கேயே வையுங்கள். அதே வாட்ஸ்அப் கணக்கை முக்கிய போனோடு இன்னும் நாலு கருவி வரை இணைக்கலாம், காசு கிடையாது. படித்த பிள்ளை ஒன்று இல்லாமலா இருக்கும்? காலை எட்டரைக்கு உட்கார்ந்து ராத்திரி ஆர்டர்களைச் சீட்டில் எழுதட்டும். ஒன்பதரைக்கு பேக்கிங் ஆரம்பித்துவிடலாம். பகல் 12 மணிக்கு மேல் வரும் ஆர்டர் மறுநாள்தான் போகும் என்று தானாகப் போகும் பதிலில் போட்டுவிடுங்கள். கருவாடு ஒரு நாள் தாமதமாகப் போனால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், பால் பாக்கெட்டா அது?

---

கீழக்கரை காக்கா எழுதியது:

சலாம். துபாயில் சூப்பர் மார்க்கெட் குடோன் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். ஐஸ்பெட்டி சொன்னது சரி, ஆனால் பாதிதான். உங்கள் சரக்கு எங்கே எது இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? நிச்சயம் இருக்காது. ஆளாளுக்கு மூட்டையைப் பிரித்து மோந்து பார்த்து எடுப்பார்கள். ஒவ்வொரு வகைக்கும் ஒரு ரேக், ரேக்குக்கு ஒரு நிறம், பாக்கெட்டிலும் அதே நிறத்தில் ஸ்டிக்கர். படிக்கத் தெரியாதவரும் நிறம் பார்த்து எடுத்துவிடுவார். காயப்போட்ட தேதியை மூட்டையில் பெரிதாக எழுதுங்கள், முதலில் வந்தது முதலில் போகணும். ஒரு ஆர்டருக்கு ஒரு பிளாஸ்டிக் டிரே. சீட்டு டிரேயிலேயே பயணம் போகணும், ஈரக் கையில் இல்லை. எடை போட்டவர் வேறு, ஒட்டுகிறவர் வேறு. ஒட்டுகிறவர் சீட்டைப் பார்த்து ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டு ஒட்டினால் பாதித் தப்பு அங்கேயே மாட்டும்.

அபராதம் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். அங்கே ஒரு தப்புக்கு ஒரு நாள் சம்பளம் போகும், அதனால்தான் ஒழுங்கு இருந்தது. பயம் இல்லாமல் எந்தக் குடோனும் ஓடாது.

---

தங்கச்சிமடம் அக்கா எழுதியது:

காக்கா, துபாயில் அபராதம் போட்டால் விசா பயத்தில் இருப்பீர்கள். இங்கே அபராதம் போட்டால் அடுத்த தெருவில் இன்னொரு கம்பெனி.

நானும் இந்த மாதிரி இடத்தில்தான் வேலை பார்க்கிறேன். தம்பி கம்பெனி இல்லை, வேறு. ஆட்கள் ஏன் வேலையை விட்டு நிற்கிறார்கள் என்று முதலாளிகள் முதலாளிகளிடமே கேட்டுக்கொள்கிறீர்கள். எட்டு மணிக்கு விட்டால் வீட்டுக்குப் போய் எப்போது உலை வைப்பது? குழுவுக்குத் தவணை கட்டுகிற நாள் என்று ஒன்று உண்டு, அன்றைக்குச் சம்பளம் ரெண்டு நாள் தள்ளிப்போனால் பத்துப் பெண்களுக்கு முன்னால் தலை குனிகிறோம். சம்பளம் இருநூறு கூடக் கொடுப்பதைவிட ஒரே தேதியில் கொடுப்பது பெரிசு. கக்கூஸ் இருக்கிறதா, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா? இதைப் பற்றி நீங்கள் ஒரு வரி எழுதவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டுப் போகச் சொல்கிற கம்பெனியும் இந்த ஊரில் உண்டு. அங்கே பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து நீர்க்கடுப்பு வாங்கிக்கொள்கிறார்கள்.

அந்த விரல்ரேகை மெஷினை வாங்கிவிடாதீர்கள். உப்பிலும் செதிலிலும் கிடந்த விரலில் ரேகை எங்கே இருக்கு? எனக்கு ரேஷன் கடையிலேயே நாலு விரலையும் மாற்றி மாற்றி வைத்தால்தான் எடுக்கும். காலையில் வாசலில் இருபது பேர் கை துடைத்துத் துடைத்து நிற்பார்கள், நீங்கள் லேட் என்று எழுதுவீர்கள்.

---

பாம்பன்காற்று எழுதியது:

அக்கா, கக்கூஸ் ஒன்று இருக்கிறது. ஆண்களுக்கும் அதுதான். இரண்டாவது கட்டச் சொல்லிவிட்டேன், இது சாக்குச் சொல்வதற்காக இல்லை. மெஷினை விட்டுவிட்டேன், நோட்டே போதும்.

டூர் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?

---

தங்கச்சிமடம் அக்கா எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீட்டில் இருக்கிறோம். அதையும் குற்றாலத்துக்கு எடுத்துக்கொண்டால் துணி யார் துவைப்பது? வேலை நாளில் கூட்டிப்போய்ச் சம்பளமும் போடுங்கள், எல்லாரும் வருவோம்.

---

பரமக்குடி தறி எழுதியது:

நான் சென்னைப் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். ஐஸ்பெட்டி அண்ணன் சொன்னதற்கு ஒரு ஒட்டு.

மணலைப் பொறுக்குவதற்கு எத்தனை பேர், எத்தனை மணி நேரம்? அதைக் கேட்டதும் எனக்குத் தோன்றியது, இந்த மணல் எங்கிருந்து வந்தது என்பதுதான். தரையில், கரை மணலில் வலை விரித்துக் காயப்போட்டால், ஆனி ஆடிக் கச்சான் காற்றில் மேலே மணல் மழையே பெய்யும். அதை உள்ளே கொண்டுவந்து ஆள் வைத்துப் பொறுக்குகிறீர்கள். இடுப்பு உயரத்தில் பரண் கட்டி, வலை இழுத்துக் கட்டி, மேலே இன்னொரு மெல்லிய வலை மூடிக் காயப்போட்டால் மணலும் குறையும், நாயும் காக்காயும் தொடாது (கீழக்கரை காக்காவைச் சொல்லவில்லை!). கீழேயும் காற்று போவதால் சீக்கிரம் காயும். குனிந்து குனிந்து திருப்பிப் போடும் முதுகுவலியும் போகும். பொறுக்கும் வேலை குறைந்தால் அந்த ஆட்களைக் காலையிலேயே பேக்கிங்கில் விடலாம்.

காசு கொஞ்சம் கூடப் போட முடியும் என்றால் சூரிய உலர்த்தி பாருங்கள். கொச்சியில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் மீன் காயவைக்கவே பல அளவுகளில் உருவாக்கியிருக்கிறது. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவுக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 60 சதவீதமும் மானியம் என்று விதி. எந்தப் பிரிவில் இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்கள் என்பதை மீன்வளத்துறை ஆபீசில் கேளுங்கள். அம்மா பெயரில் போடுவது நல்லது.

இன்னொன்று. டொயோட்டா முதலில் தறி செய்த குடும்பம். 1924இல் சாகிச்சி டொயோடா கொண்டுவந்த தானியங்கித் தறியில் நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும். பாழான துணியை மீட்டர் கணக்கில் நெய்துவிட்டு அப்புறம் கண்டுபிடிக்கிற கதை அதில் கிடையாது. தறி வீட்டில் பிறந்த எனக்கு இதன் அருமை தெரியும். பிறகு கார் தொழிற்சாலையிலும் அதையே வைத்தார்கள்: கோளாறைப் பார்த்த தொழிலாளி கயிற்றை இழுப்பார், விளக்கு எரியும், தேவைப்பட்டால் வரிசையே நிற்கும். நம் ஊரிலும் இது புதிதில்லை, சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனுக்கு 1998இல் ஜப்பானின் டெமிங் பரிசு கிடைத்தது இந்த மாதிரித் தர ஒழுங்குக்காகத்தான்.

உங்கள் இடத்தில் கயிறும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றினால் யாராவது போன் போட்டுக் கேட்டுக்கொண்டா படகைக் கட்டுகிறார்கள்? பார்த்ததும் புரிகிறதல்லவா. அப்படி ஒரு சிவப்புத் துணி. எடைக்கல் சந்தேகமா, சீட்டு புரியவில்லையா, கருவாட்டில் ஈர வாடையா, யார் வேண்டுமானாலும் தொங்கவிடலாம். தொங்கவிட்டவரைத் திட்டக் கூடாது. அது ஒன்றுதான் விதி.

---

கீழக்கரை காக்கா எழுதியது:

22 பேர் கருவாடு கட்டுகிற இடத்தில் டொயோட்டாவா! பரண் யோசனை அருமை தம்பி. சிவப்புத் துணி ரெண்டு நாளில் கருவாட்டு மூட்டை துடைக்கப் போய்விடும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

---

ஆடிட்டர் ஆபீஸ் மேசை எழுதியது:

அபராதம் பற்றி யாரும் சட்டம் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். ஒரு தப்புக்கு ஒரு நாள் சம்பளம் என்பதெல்லாம் இங்கே செல்லாது. எதற்கெல்லாம் அபராதம் என்று முன்கூட்டியே எழுதி ஒட்டியிருக்க வேண்டும், ஆளிடம் விளக்கம் கேட்க வேண்டும், ஒரு சம்பளக் காலத்தில் மொத்த அபராதம் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 12,000 ரூபாய் வாங்குபவருக்கு அதிகபட்சம் 360 ரூபாய். வசூலித்ததைப் பதிவேட்டில் எழுதித் தொழிலாளர் நலனுக்கே செலவு செய்ய வேண்டும், முதலாளி பையில் போட முடியாது. இவ்வளவு பாடுபட்டு 360 ரூபாய் வாங்கி என்ன செய்யப்போகிறார்?

பாம்பன்காற்று அவர்களுக்கு: 22 பேர் என்றீர்கள். 10 பேரைத் தொட்டபோதே இஎஸ்ஐ மருத்துவக் காப்பீடு, 20 பேரைத் தொட்டபோது பிஎஃப் சேமநிதி கட்டாயம். மாதம் 21,000 வரை வாங்குகிறவர்களுக்கு இஎஸ்ஐ உண்டு. தொழிலாளி 0.75 சதவீதம், நீங்கள் 3.25 சதவீதம். அதே 12,000 சம்பளத்துக்கு அவர் 90 ரூபாய், நீங்கள் 390 ரூபாய். அதற்கு அவருக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம், உடம்பு முடியாத நாட்களுக்கு ஒரு பங்கு சம்பளம், பிரசவத்துக்கு 26 வாரம் வரை பணம். டூர் செலவைவிட இது குறைவாகவே வரும். 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் பாலியல் தொல்லைப் புகார் கேட்க உள்குழு அமைப்பதும் 2013 சட்டப்படி கட்டாயம், அதற்குத் தலைமை ஒரு பெண்தான்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. நியமனக் கடிதம் எல்லோருக்கும் எழுத்தில் கொடுக்க வேண்டும், மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும், கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. உங்கள் ஆட்கள் ஏழரை, எட்டு வரை இருக்கிறார்களே, அந்த நேரத்துக்கு என்ன கொடுக்கிறீர்கள்?

---

பாம்பன்காற்று எழுதியது:

டீயும் வடையும்.

---

ஆடிட்டர் ஆபீஸ் மேசை எழுதியது:

அப்படியானால் பேக்கிங்கைக் காலையில் தொடங்குவது உங்களுக்கு லாபம்தான். வடை செலவும் மிச்சம்.

---

உப்பளத்தான் எழுதியது:

வாலிநோக்கம் பக்கத்திலிருந்து. வெயிலைப் பற்றி யாரும் பேசவில்லை. உப்பளத்தில் நாங்கள் இருட்டோடு இறங்கி வெயில் ஏறுவதற்குள் கரையேறப் பார்ப்போம். பங்குனி, சித்திரை, வைகாசியில் தகரக் கொட்டகைக்குக் கீழே மதியம் மூன்று மணிக்கு உட்கார்ந்து சீல் வைக்கிறவருக்கு எடை எப்படிச் சரியாகத் தெரியும்? கொட்டகைக்கு மேலே தென்னங்கீற்று போட்டு, கூரைக்கும் கீற்றுக்கும் நடுவில் காற்று போக இடம் விடுங்கள். ஃபேன் வெக்கையைத்தான் அடிக்கும், கீற்று வெக்கையைத் தடுக்கும். மோர்ப்பானை ஒன்று. முடிந்தால் அந்த மூன்று மாதம் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து இரண்டு மணிக்கு விட்டுவிடுங்கள்.

---

தங்கச்சிமடம் அக்கா எழுதியது:

ஆறு மணிக்குப் பிள்ளைகளை யார் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவது அண்ணே? பெரிய லீவில் சரிதான். மற்ற நாளில் பிள்ளை இல்லாதவர்கள், வயசானவர்கள் ஆறுக்கு வரட்டும், தாய்மார்கள் ஒன்பதுக்கு வரட்டும். ரெண்டு கூட்டமாகப் பிரித்தால் எல்லாருக்கும் நடக்கும். யார் எந்தக் கூட்டம் என்று அவர்களே சொல்லட்டும்.

அப்புறம் உட்காருகிற விஷயம். எல்லாரையும் நாற்காலியில் உட்காரவைக்கிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். எங்களிடம் ரெண்டு பாட்டிகள் மணையில் சம்மணம் போட்டால்தான் கை ஓடும் என்கிறார்கள். மூட்டுவலி உள்ளவர்களுக்கு மேசையும் முக்காலியும் வையுங்கள்.

---

பரமக்குடி தறி எழுதியது:

உட்காரும் வசதி என்பது சலுகை இல்லை. கடைகளிலும் நிறுவனங்களிலும் நிற்கிறவர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இலேயே சட்டத் திருத்தம் வந்தாகிவிட்டது. ஜவுளிக்கடைப் பெண்கள் நின்றுகொண்டே இருந்ததற்காக வந்தது அது.

---

பாம்பன்காற்று எழுதியது:

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். இரண்டு விஷயம் மட்டும் இன்னும் தெளியவில்லை. ஒன்று, கிலோ கூலி. நன்றாக ஓடுகிற கை உள்ளவருக்கும் அரட்டை அடிப்பவருக்கும் ஒரே கூலி என்பது நியாயமா? இரண்டு, வேலையே இல்லாத நாட்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் மீன் காயவைக்க முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. மற்ற நாட்களிலும் வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்பதால் வரத்து ஒரே சீராக இருக்காது. எல்லா நாளும் 22 பேருக்கு எங்கிருந்து வேலை கொடுப்பது?

---

ஐஸ்பெட்டி எழுதியது:

கிலோ கூலி பற்றி நண்டுக் கம்பெனி அனுபவம் சொல்கிறேன். நண்டுச் சதையில் கிலோ கூலி ஓடும், ஏனென்றால் எடுத்த சதையை உடனே விளக்கு வெளிச்சத்தில் ஓடு இருக்கிறதா என்று இன்னொருவர் தடவிப் பார்ப்பார். அப்படியும் சண்டை வரும்: பெரிய நண்டு யாருக்கு, பொடி நண்டு யாருக்கு? சதை அதிகமுள்ள நண்டைச் சொந்தக்காரப் பெண்ணுக்குத் தள்ளுகிற சூப்பர்வைசர்களை நான் பார்த்திருக்கிறேன். நெத்திலியில் இது இன்னும் மோசம். சுத்தமான மூட்டை கிடைத்தவருக்கு நாலு கிலோ, மணல் மூட்டை கிடைத்தவருக்கு ஒன்றரைக் கிலோ. உழைப்பு ரெண்டுக்கும் ஒன்று. எனவே பொறுக்குவதற்கு நாள் கூலிதான் சரி. பேக்கிங்குக்கு வேண்டுமானால் மாதக் கடைசியில் திரும்பி வந்த பார்சல் குறைந்திருந்தால் கூட்டத்துக்கே ஒரு தொகை கொடுங்கள், தனித்தனியாக வேண்டாம்.

---

கீழக்கரை காக்கா எழுதியது:

இதில் நான் ஒத்துப்போகவில்லை. கூட்டத்துக்கே தொகை என்றால் ஓடுகிற கை ஓய்ந்துவிடும். நல்ல ஆள்தான் முதலில் போவார். ஒரு படி வையுங்கள்: புதுசு, பழகியவர், சொல்லிக்கொடுக்கிறவர் என்று மூன்று சம்பளம். எது தெரிந்தால் அடுத்த படி என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள். எடை, சீல், ரகம் பிரிப்பது, ஆர்டர் எழுதுவது, நாலும் தெரிந்தவருக்கு மேல்படி. அப்போது ஒருத்தர் லீவு போட்டால் வேலை நிற்காது.

---

தங்கச்சிமடம் அக்கா எழுதியது:

காக்கா இப்போதுதான் ஒரு நல்ல வார்த்தை சொன்னார். எத்தனை வருஷம் ஆனாலும் எல்லாருக்கும் "பொம்பளைக் கூலி" என்று ஒரே கூலிதான் நம்ம ஊரில்.

வேலை இல்லாத நாளைப் பற்றி: இல்லை என்றால் முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்குள் சொல்லிவிடுங்கள். காலையில் கிளம்பி, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து வந்து வாசலில் "இன்னைக்கு இல்லக்கா" என்று கேட்பதுதான் வயிற்றெரிச்சல். வந்த பிறகு இல்லை என்றால் அரைக் கூலி கொடுங்கள். ஒருதடவை கொடுத்துப் பாருங்கள், அடுத்த தடவை முந்தின நாளே சொல்ல உங்களுக்கே ஞாபகம் வந்துவிடும்.

---

உப்பளத்தான் எழுதியது:

தடைக்காலத்தில் மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் உண்டு. 2023இல் மண்டபம் மாநாட்டில் 5,000த்தை 8,000 ஆக்குவதாக முதல்வர் அறிவித்தார். ஆனால் உங்களிடம் வேலை செய்கிற எல்லாருமே அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். பனை ஏறுகிற வீடு, கூலி வீடு என்று கலந்துதானே இருப்பார்கள். அவர்களுக்கு அந்த ரெண்டு மாதம் உங்கள் சம்பளம் மட்டும்தான்.

---

ஐஸ்பெட்டி எழுதியது:

தடைக்காலத்தில்தான் கருவாடு நன்றாக விற்கும், பச்சை மீன் விலை ஏறிவிடுமே. மாசி பங்குனியிலேயே வாங்கிக் காயவைத்து, நன்றாகக் காய்ந்ததைக் காற்றுப் புகாமல் கட்டி வைத்தால் சித்திரை வைகாசியில் பேக்கிங் வேலை ஓடும். அதற்கு இருப்பில் பணம் முடங்கும், உண்மைதான். ஆளை அனுப்பிவிட்டுப் புது ஆள் பிடித்துச் சொல்லிக்கொடுத்து, அவர் தப்பாகக் கட்டிய பார்சலுக்குப் பணம் திருப்பிக் கொடுப்பதும் பணம்தானே? அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. மழைக்காலத்துக்குத் தொக்கு இருக்கிறது, அடுப்பு வேலைக்கு வெயில் வேண்டாம்.

---

பாம்பன்காற்று எழுதியது:

கொஞ்ச நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கணும். நடந்ததைச் சொல்கிறேன்.

கடை போனை பி.காம். முடித்த பெண் ஒருவர் பார்க்கிறார். காலை ஒன்பதரைக்கு முதல் பார்சல் ஒட்டியாகிறது. 12 மணிக் கணக்குப் போட்டதும் இரண்டு வாடிக்கையாளர் சத்தம் போட்டார்கள், அவ்வளவுதான். 300 ரூபாய் வரை பணம் திருப்பிக் கொடுக்கவோ மாற்றி அனுப்பவோ என்னைக் கேட்க வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். முதல் வாரம் அப்படியும் போன் செய்து கேட்டார், "நீங்களே பார்த்துக்கோங்க" என்று சொல்லிச் சொல்லித்தான் நின்றது. ஆட்கள் ஆறு மணிக்குள் கிளம்பிவிடுகிறார்கள். சம்பளம் மாதம் 5ஆம் தேதி என்று எழுதி ஒட்டியாகிவிட்டது. இஎஸ்ஐ, பிஎஃப் பதிவு ஆடிட்டரிடம் கொடுத்திருக்கிறேன்.

பரண் பாதி கட்டியாகிவிட்டது. சவுக்குக் கம்பும் பழைய வலையும்தான். அதில் காய்ந்த நெத்திலியில் மணல் நன்றாகவே குறைந்திருக்கிறது. ஆனால் பெரிய சீலாவுக்குப் பழைய முறையே பரவாயில்லை என்கிறார் அம்மா, அதில் நான் தலையிடவில்லை.

சிவப்புத் துணி விஷயத்தில் காக்கா ஜெயித்தார். மூன்றாம் நாள் அதில் தராசு துடைத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது சிவப்பு பிளாஸ்டிக் வாளி ஒன்று வைத்திருக்கிறோம், சந்தேகம் உள்ள டிரே அதற்குப் பக்கத்தில் போகிறது. அது ஓடுகிறது. மூன்று படிச் சம்பளம் எழுத உட்கார்ந்திருக்கிறேன், யார் எந்தப் படி என்பதில்தான் வீட்டிலேயே சண்டை.

ஆட்கள் நிற்பது குறைந்ததா என்று பொங்கல் தாண்டினால்தான் தெரியும்.

---

தொண்டிக்காரன் எழுதியது:

முழுதும் படித்தேன். நானும் இறால் கருவாடு சின்னதாக ஆரம்பித்திருக்கிறேன். பேக்கிங் மேசை என்ன உயரம் வைக்கலாம்? வெல்டிங் கடைக்காரர் எல்லாருக்கும் ஒரே அளவுதான் என்கிறார்.

---

ஐஸ்பெட்டி எழுதியது:

ஆளை நிற்கவைத்து முழங்கையை மடிக்கச் சொல்லுங்கள். முழங்கைக்கு நாலு விரல் கீழே மேசை மட்டம். அதற்கு மேலே போனால் தோள் தூக்கிக்கொண்டு வேலை செய்வார்கள், ரொம்பக் கீழே போனால் இடுப்பு போய்விடும். உயரமானவரை வைத்து அளவு எடுத்து மேசை செய்யுங்கள், குட்டையானவர் நிற்கும் இடத்தில் மரப்பலகை போட்டுக்கொள்ளலாம். மேல்தகடு ஸ்டீல் போடுவதாக இருந்தால் 304 ரகம் என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். விலை குறைவு என்று 202 ரகத்தைத் தலையில் கட்டுவார்கள், நம்ம உப்புக்காற்றில் அது சீக்கிரம் துரு பிடித்துவிடும்.